பழைய கணினிப் பாடங்கள் தேடுகிறவர் கைக்குப் போய்ச் சேர

பழைய கணினிகளுக்கான பாடங்களை என் தளத்தில் எழுதி வருகிறேன். சில வருடங்களுக்கு முன் ஒருவர் எனக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். அவருடைய கமோடோர் 64 என்கிற 1980-களின் வீட்டுக் கணினியை ஆன் செய்தால் திரை கறுப்பாகவே நின்றிருக்கிறது. நினைவக சிப்பான ராம்தான் போயிருக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, போர்டில் இருந்த எட்டு ராம் சிப்புகளையும் சால்டரை உருக்கிக் கழற்றிவிட்டார். கழற்றும்போது போர்டின் செம்புத் தடம் இரண்டு இடத்தில் பெயர்ந்து வந்துவிட்டது. புது ராம் போட்ட பிறகும் அதே கறுப்புத் திரைதான். உண்மையில் கெட்டுப்போயிருந்தது பிஎல்ஏ என்கிற ஒரே ஒரு சிப். "இவ்வளவும் செய்து முடித்த பிறகுதான் உங்கள் பக்கம் கண்ணில் பட்டது" என்று எழுதியிருந்தார்.

அவர் சால்டரிங் அயர்னைக் கையில் எடுப்பதற்கு நான்கு வருடம் முன்பே அந்தப் பக்கத்தை எழுதிவிட்டேன். கறுப்புத் திரை வந்தால் முதலில் பவர் சப்ளையை அளக்க வேண்டும், அடுத்து பிஎல்ஏ, அதற்கப்புறம்தான் ராம் என்று படங்களோடு விளக்கியிருந்தேன். ஆனால் பக்கத்தின் தலைப்பு "பாகம் 7: பழுது பார்த்தல்". கறுப்புத் திரை என்ற சொல் ஆறாவது பத்தியில் ஒரே ஒரு முறை வந்தது. இயந்திரத்தின் பெயர் முகப்புப் பக்கத்தில் மட்டும் இருந்தது. முகப்பைப் பார்த்துவிட்டு வருகிறவருக்குத் தெரியும்தானே என்று விட்டுவிட்டேன். தேடுபொறி வழியாக வருகிறவர் முகப்பைப் பார்ப்பதே இல்லை. நேராக ஏழாம் பாகத்தில் வந்து இறங்குகிறார், அல்லது வராமலே போகிறார்.

அந்த மின்னஞ்சலுக்குப் பிறகு தளம் முழுவதையும் ஒவ்வொரு பக்கமாகத் திருத்தினேன். அப்போது கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் கமோடோர் 64-இலிருந்து வரும், எனக்கு நன்றாகத் தெரிந்த இயந்திரம் அதுதான். ஸ்பெக்ட்ரம், அமிகா, பழைய டாஸ் கணினி என்று நீங்கள் எதைப் பற்றி எழுதினாலும் செய்ய வேண்டியது இதேதான்.

கண்ணில் தெரிவதைத்தான் தேடுகிறார்கள்

பழைய கணினிக்காகத் தேடுகிறவர் மேசையில் அந்த இயந்திரம் இருக்கிறது. அதில் என்ன தெரிகிறதோ அதை அப்படியே தட்டச்சு செய்வார். நம்முடைய வேலைக்கு இது பெரிய வசதி. சமையலோ பயணமோ எழுதுகிறவர்கள் வாசகர் எந்தச் சொல்லைப் போடுவார் என்று ஊகிக்க வேண்டும். நமக்கு அந்தச் சொல் திரையிலும் சிப்பின் முதுகிலும் அச்சாகியே இருக்கிறது.

திரையில் வரும் பிழைச்செய்தி முதலாவது. டிஸ்க் டிரைவ் இணைப்புச் சரியில்லை என்றால் கமோடோர் 64 "டிவைஸ் நாட் பிரசன்ட் எர்ரர்" என்று சொல்லும். ஸ்பெக்ட்ரம் கேசட்டில் இருந்து ஏற்ற முடியாமல் போனால் "ஆர் டேப் லோடிங் எர்ரர்" என்று காட்டும். 1981-இல் வந்த ஐபிஎம் பிசி, விசைப்பலகையில் கோளாறு என்றால் வெறும் 301 என்று ஓர் எண்ணைக் காட்டும். நான் முன்பு இவற்றையெல்லாம் "டிரைவ் இணைப்புச் சிக்கல்கள்" போன்ற பொதுவான தலைப்பின் கீழ் சேர்த்து வைத்திருந்தேன். இப்போது ஒவ்வொரு செய்திக்கும் தனிப் பக்கம். செய்தியைத் திரையில் வருகிற எழுத்துகளில், ஒரு புள்ளி மாறாமல், தலைப்பிலேயே வைக்கிறேன்.

அடுத்து, சிப்பிலும் போர்டிலும் உள்ள எண்கள். கமோடோர் 64-இன் பிஎல்ஏ மேல் 906114-01 என்று அச்சிட்டிருக்கும். ஒலிக்கான சிட் சிப் 6581 அல்லது 8580. போர்டிலேயே 326298, 250407, 250425, 250466, 250469 என்று ஏதாவதோர் எண் இருக்கும். மூடியைத் திறந்தவர் முதலில் படிப்பது இவற்றைத்தான். அதுவும் தவிர, இந்த எண் தெரியாமல் நல்ல ஆலோசனை சொல்லவும் முடியாது. 250469 போர்டில் 906114-01 சிப்பே கிடையாது, அங்கே பிஎல்ஏ வேறு வகை. 6581 சிட்டுக்கு 12 வோல்ட் வேண்டும், 8580-க்கு 9 வோல்ட். 8580-ஐ 12 வோல்ட்டில் மாட்டினால் சிப் போய்விடும். "கமோடோர் 64 பழுதுபார்க்கும் முறை" என்று பொதுவாக எழுதிய பக்கத்தைவிட "250469 போர்டு" என்று பெயர் சொல்லி எழுதிய பக்கம் தேடலில் மேலே வருவது இதனால்தான். அது தேடியவருக்கு உண்மையிலேயே சரியான பதிலும்கூட.

நிரல் எழுதுகிறவர்களும் எண்களைத்தான் தேடுவார்கள். ஒரு பழைய பேசிக் நிரலில் "போக் 53280, 0" என்ற வரியைப் பார்த்தவருக்கு அது திரையின் ஓரத்தைக் கறுப்பாக்குகிறது என்று தெரியாது. 53280 என்று தேடுவார். என் பேசிக் பாடங்களில் அந்த எண் நிரலுக்குள் மட்டும் இருந்தது. இப்போது "53280, 53281: ஓர நிறமும் பின்னணி நிறமும்" என்று ஒரு துணைத்தலைப்பே வைத்திருக்கிறேன்.

பெயர்களையும் கொஞ்சம் கவனியுங்கள். ஒருவர் கமோடோர் 64 என்பார், இன்னொருவர் சி64 என்பார். இரண்டும் பக்கத்தில் ஒரு முறையாவது இயல்பாக வந்துவிட வேண்டும். அதற்காக ஒரே சொல்லைப் பத்தி பத்தியாக அடுக்க வேண்டாம். அது வாசகரை விரட்டும், தேடுபொறிகளும் அதைத் தில்லுமுல்லு என்றே எடுத்துக்கொள்ளும்.

ஒரு பக்கத்தைத் திருத்திய கதை

"பாகம் 7" பக்கத்தை என்ன செய்தேன் என்று முழுதாகச் சொல்கிறேன்.

முதலில் டைட்டில். தேடல் முடிவில் நீல எழுத்தில் தெரிவதும், பிரவுசர் தாவலில் தெரிவதும் இதுதான். புதிய டைட்டில்: "கமோடோர் 64 கறுப்புத் திரை: பவர் சப்ளை, பிஎல்ஏ, ராம் சோதிக்கும் வரிசை". இயந்திரமும் அறிகுறியும் முன்னால், தீர்வு பின்னால். நீளமான டைட்டிலின் வால் தேடல் முடிவில் வெட்டுப்படும், ஆகவே முக்கியமான சொல் எதுவும் கடைசியில் இருக்கக் கூடாது. தளத்தின் பெயரை முன்னால் வைக்கும் பழக்கத்தை அன்றே விட்டேன். பக்கத்துக்குள் வரும் பெரிய தலைப்பையும் இதே பொருளில் மாற்றினேன். டைட்டில் ஒன்றும் உள்தலைப்பு வேறொன்றும் சொன்னால், கூகுள் தனக்குப் பிடித்ததை எடுத்துக் காட்டிவிடும்.

பிறகு முதல் பத்தி. முன்பு அது இயந்திரத்தின் வரலாற்றோடு தொடங்கியது: 1982-இல் வந்தது, 64 கிலோபைட் நினைவகம் என்று. எல்லாம் உண்மைதான். ஆனால் கறுப்புத் திரையோடு உட்கார்ந்திருப்பவருக்கு அது அப்போது வேண்டாம். இப்போது முதல் பத்தி இப்படி இருக்கிறது:

"நல்ல நிலையில் உள்ள கமோடோர் 64-ஐ ஆன் செய்தால் சில நொடிகளில் நீலத் திரையும் 38911 என்ற எண்ணும் வர வேண்டும். திரை கறுப்பாகவே நின்றால் எதையும் கழற்றாதீர்கள். முதலில் பவர் சப்ளையைக் கணினியிலிருந்து பிரித்து, 5 வோல்ட் பின்னை மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். 5.25-க்கு மேல் காட்டினால் அந்த சப்ளையை மறுபடி மாட்டக் கூடாது, அது ராமை எரித்துவிடும்."

நான்கு வாக்கியம்தான். தேடியவர் சரியான இடத்துக்கு வந்துவிட்டார் என்பது உடனே தெரிகிறது, அவருடைய போர்டும் ஆபத்திலிருந்து தப்புகிறது. தேடல் முடிவில் டைட்டிலுக்குக் கீழே வரும் இரண்டு வரியும் பல நேரம் இங்கிருந்துதான் எடுக்கப்படுகிறது. அந்த வரிக்காக மெட்டா விவரணை என்று தனியாக எழுதலாம், எழுதுவதும் நல்லது. ஆனால் அதனால் தரவரிசை உயராது. படிக்கிறவர் சொடுக்குவதற்கு உதவும், அவ்வளவுதான். தேடல் சொற்களைப் பட்டியலிடும் மெட்டா கீவேர்ட்ஸ் வரிக்கு மட்டும் நேரம் செலவழிக்க வேண்டாம். தரவரிசைக்கு அதைப் பார்ப்பதே இல்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது.

மூன்றாவதாகப் படங்கள். கேமரா வைத்த எண்ணே கோப்பின் பெயராக இருந்தது. அதை "கமோடோர்-64-பிஎல்ஏ-906114-01" என்ற பாணியில் மாற்றினேன். ஒவ்வொரு படத்துக்கும் மாற்று உரை சேர்த்தேன்: "250425 போர்டில் பிஎல்ஏ இருக்கும் இடம், சிவப்பு வட்டத்தில்". பார்வையற்ற வாசகருக்குத் திரைவாசிப்பான் இதைப் படித்துக் காட்டும் என்பதே இதை எழுத முதல் காரணம். அத்தோடு, தன் போர்டு எந்த வகை என்று படத் தேடலில் பார்க்கிறவரும் இதன் வழியாக வந்து சேர்கிறார்.

தேடுபொறிக்குத் தெரியாத பாடங்கள்

நம்மைப் போன்றவர்கள் பழைய முறையில் தளம் கட்டுவதை விரும்புகிறவர்கள். நானும் அப்படித்தான். இடப்பக்கம் பட்டியல், வலப்பக்கம் பாடம் என்று ஃபிரேம் போட்டுக் கட்டியிருந்தேன். அதில் ஒரு சங்கடம் இருக்கிறது. தேடல் வழியாக வருகிறவர் வலப்பக்கத் துண்டில் மட்டும் தனியாக வந்து நிற்பார். பட்டியலும் இல்லை, அடுத்த பாடத்துக்கு வழியும் இல்லை. ஃபிரேமைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு பக்கத்தின் மேலும் கீழும் சாதாரண இணைப்புகள் போட்டேன். தளத்தின் பழைய தோற்றம் கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது. ஸ்கிரிப்ட் எதுவும் தேவைப்படவில்லை.

நிரல்களைத் திரையோடு படமாகப் பிடித்துப் போடுவது இன்னொரு பழக்கம். நீலத் திரையில் நிரல் அழகாகத்தான் இருக்கும். ஆனால் படத்துக்குள் இருக்கும் 53280-ஐ யாரும் நம்பித் தேட முடியாது, நகலெடுத்து எமுலேட்டரில் (பழைய கணினியைப் போல இயங்கும் மென்பொருளில்) ஒட்டவும் முடியாது. படம் இருக்கட்டும், அதன் கீழே நிரலை எழுத்தாகவும் கொடுங்கள். கமோடோரின் சிறப்பு வரைகுறிகள் சாதாரண எழுத்தில் வராது என்பதால் நான் அவற்றை எண்ணாக மாற்றிவிடுகிறேன். திரையைத் துடைக்கும் இதயக் குறிக்குப் பதிலாக, சிஎச்ஆர்$ கட்டளையில் 147 என்று எழுதினால் போதும்.

ஜிப் கோப்புக்குள் மட்டும் விளக்கக் குறிப்பு வைத்திருந்தால் அதையும் வெளியே எடுத்து ஒரு பக்கமாக்குங்கள். அப்புறம் கைபேசி. சால்டரிங் மேசையில் இருப்பவர் ஒரு கையில் மல்டிமீட்டர் முனையும் மறு கையில் கைபேசியுமாக நம் பக்கத்தைப் படிக்கிறார். கூகுளும் பக்கத்தின் கைபேசி வடிவத்தையே முதன்மையாக எடுத்துக்கொள்கிறது. பக்கத்தைத் திரையின் அகலத்துக்கு ஏற்ப அமைக்கச் சொல்லும் வியூபோர்ட் வரி ஒன்றைச் சேர்த்து, நிரல் பெட்டிகளைப் பக்கவாட்டில் நகரும்படி விட்டாலே பெரும்பகுதி சரியாகிவிடும். 40 எழுத்து அகலத்தில் எழுதிய நிரலை மட்டும் மடக்க விடாதீர்கள். வரி உடைந்தால் எங்கே ஒரு வரி முடிகிறது என்றே தெரியாமல் போகும்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த பக்கம் கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும், உள்ளே வெறும் ரோமன் எழுத்துக் குவியல்தான். தேடுபொறிக்கு அதில் ஒரு சொல்லும் புரியாது. யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். பிழைச்செய்தியையும் சிப்பின் பெயரையும் திரையில் உள்ள ஆங்கில எழுத்திலேயே ஒரு முறை கொடுத்துவிட்டு, விளக்கத்தைத் தமிழில் எழுதுங்கள். தேடுகிறவர் இரண்டில் எதைத் தட்டினாலும் வந்துசேர்வார்.

கதவு திறந்திருக்கிறதா

இத்தனையும் செய்த பிறகு இரண்டு மாதம் ஒரு பக்கம்கூடத் தேடலில் வரவில்லை. திருத்திய தளத்தைச் சோதித்துப் பார்த்த காலத்தில் யாரும் வர வேண்டாம் என்று, தேடுபொறிகள் எங்கே வரலாம் என்று சொல்லும் ரோபோட்ஸ் கோப்பில் "டிஸ்அலவ்" என்று எழுதி ஒரு சாய்கோடு போட்டிருந்தேன். அந்த ஒரு வரி தளம் முழுவதையும் பூட்டிவிடும். வெளியிடும்போது அதை எடுக்க மறந்துபோயிருந்தேன்.

இதை நீங்கள் இப்போதே பார்த்துவிடலாம். உங்கள் முகவரிக்குப் பின்னால் ரோபோட்ஸ் கோப்பின் பெயரை (/robots.txt) சேர்த்து பிரவுசரில் திறந்து படியுங்கள். கூடவே, பக்கங்களின் தலைப்பகுதியில் "நோஇன்டெக்ஸ்" என்ற சொல் ஒளிந்திருக்கிறதா என்றும் தேடுங்கள். இரண்டும் ஒன்றல்ல. ரோபோட்ஸ் கோப்பு உள்ளே வந்து படிக்காதே என்கிறது, நோஇன்டெக்ஸ் படித்தாலும் பட்டியலில் சேர்க்காதே என்கிறது. ஏதாவது ஒரு பக்கத்தை உண்மையிலேயே மறைக்க விரும்பினால் நோஇன்டெக்ஸ் போட்டு, ரோபோட்ஸ் கோப்பில் வழியைத் திறந்தே விடுங்கள். வழியை அடைத்துவிட்டால் உள்ளே இருக்கும் அந்தச் சொல்லைத் தேடுபொறி பார்க்கவே பார்க்காது.

அடுத்து கூகுள் சர்ச் கன்சோலிலும் பிங்கின் வெப்மாஸ்டர் கருவியிலும் தளத்தைச் சேருங்கள். இரண்டும் இலவசம். தளம் உங்களுடையதுதான் என்று நிரூபிக்க ஒரு சிறு கோப்பை ஏற்றினால் போதும். சைட்மேப் ஒன்றையும் கொடுங்கள். அது தளத்தில் உள்ள முகவரிகளின் பட்டியல், அவ்வளவுதான். ஒரு கோப்பில் 50,000 முகவரி வரை அடங்கும், பொழுதுபோக்குத் தளத்துக்கு ஒன்றே போதும். ஆனால் சைட்மேப்பில் மட்டும் இருந்து, வேறு எந்தப் பக்கத்திலிருந்தும் இணைப்பு இல்லாத பாடம் அநாதைதான். ராம் பாடத்திலிருந்து பிஎல்ஏ பாடத்துக்கு ஓர் இணைப்புக் கொடுங்கள். அந்த இணைப்பில் "இங்கே சொடுக்கவும்" என்று எழுதாமல், "பிஎல்ஏ சிப்பைச் சோதிக்கும் முறை" என்று எழுதுங்கள்.

பூட்டும் பழைய இயந்திரமும்

தகவலைக் குறியாக்கி அனுப்பும் எச்டிடிபிஎஸ் பூட்டு வேண்டும். லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற இலவச சேவை வந்த பிறகு சான்றிதழுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. 2018 முதல் குரோம் பூட்டில்லாத தளத்தைப் பாதுகாப்பற்றது என்று குறிக்கிறது, அதைப் பார்த்துப் புதியவர்கள் திரும்பிப் போய்விடுவார்கள். ஆனால் நம் வாசகர்களில் சிலர் பழைய இயந்திரத்திலேயே தளத்தைத் திறந்து, அங்கேயே நிரலைப் பதிவிறக்க ஆசைப்படுகிறவர்கள். அந்த பிரவுசர்களுக்கு இன்றைய குறியாக்கம் புரியாது. அவர்களை வெளியே நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. அதனால் இரண்டு வழியையும் திறந்து வைத்திருக்கிறேன். பூட்டில்லாத முகவரிக்கு வருகிறவரைக் கட்டாயமாகத் திருப்பிவிடுவதில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் கெனானிகல் இணைப்பு எச்டிடிபிஎஸ் முகவரியைக் காட்டுகிறது. தேடுபொறி அதைத்தான் முதன்மைப் பக்கமாக எடுத்துக்கொள்கிறது.

முகவரிகளை மாற்றாதீர்கள். பத்து வருடம் முன் யாரோ ஒருவர் தன் பக்கத்தில் உங்களுக்குக் கொடுத்த இணைப்புதான் உங்கள் சொத்து. நான் இடம் வைத்திருந்த இலவச சர்வர் ஒன்று மூடப்பட்டபோது அப்படிப்பட்ட இணைப்புகள் எல்லாம் ஒரே நாளில் செத்தன. சொந்த டொமைன் வைத்திருந்தால் சர்வரை மாற்றினாலும் முகவரி நிலைக்கும். மாற்றியே ஆக வேண்டும் என்றால் பழைய முகவரி ஒவ்வொன்றிலிருந்தும் அதற்கு நேரான புதிய பக்கத்துக்கு, நிரந்தரமாக இடம் மாறியது என்று சொல்லும் 301 திருப்பி போடுங்கள். எல்லாவற்றையும் முகப்புக்குத் திருப்பாதீர்கள், வந்தவர் மறுபடி தொலைந்துபோவார்.

இணைப்புகளை விலைக்கு வாங்கவும் வேண்டாம். நீங்கள் வெளியிடும் டிஸ்க் இமேஜுக்குள் உள்ள குறிப்புக் கோப்பிலும், கிட்ஹப்பில் உள்ள நிரலின் விளக்கத்திலும், வீடியோவின் கீழும் பாடத்தின் நேரடி முகவரியைப் போடுங்கள். ஒத்த ஆர்வமுள்ள தளங்களோடு, ஒன்றுக்கொன்று இணைப்புக் கொடுத்துக்கொள்ளும் வெப்ரிங்கில் சேரலாம். வைபி, மார்ஜினேலியா போன்ற சிறிய தேடுபொறிகள் நம்மைப் போன்ற எளிய, எழுத்து நிறைந்த தளங்களையே விரும்பித் தேடித் தருகின்றன. அங்கிருந்து வருகிறவர்கள் எண்ணிக்கையில் குறைவுதான், ஆனால் வந்தால் நின்று படிக்கிறார்கள்.

மாதம் ஒரு முறை

மாதத்தில் ஒரு நாள் அரை மணி நேரம் சர்ச் கன்சோலைத் திறந்து, எந்தச் சொற்களுக்கு என் தளம் காட்டப்பட்டது என்ற பட்டியலைப் பார்க்கிறேன். 16 மாதத் தரவு அங்கே இருக்கும். பலமுறை காட்டப்பட்டும் யாரும் சொடுக்காத சொல் இருந்தால் அந்தப் பக்கத்தின் டைட்டிலைத் திருத்துகிறேன். திருத்திவிட்டுச் சில வாரம் பொறுத்திருக்க வேண்டும். தினமும் போய்ப் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

ஆனால் நான் ஆவலோடு தேடுவது வேறு ஒன்றை. என்னிடம் பதிலே இல்லாத ஒரு கேள்விக்கு என் பக்கம் ஒன்று தப்பாகக் காட்டப்பட்டிருக்கும். சென்ற மாதம் அப்படி ஒன்று கிடைத்தது: கமோடோரின் 1541 டிஸ்க் டிரைவ், சிவப்பு விளக்கு அணையவில்லை, மோட்டார் நிற்காமல் சுற்றுகிறது. நல்ல டிரைவில் ஆன் செய்ததும் மோட்டார் சிறிது நேரம் சுற்றி நின்றுவிடும், சிவப்பு விளக்கும் அணையும். நிற்காவிட்டால் டிரைவுக்குள் இருக்கும் கணினியே தொடங்கவில்லை என்று பொருள். டிஸ்கைப் படிக்கும் தலையை அலைன் செய்து, அதாவது நேர்ப்படுத்தி, பயன் இல்லை, பவரையும் ராமையும் ரோமையும் பார்க்க வேண்டும். தேடியவர்களுக்கு என் தளம் காட்டியதோ, தலையை அலைன் செய்யும் பாடத்தை. அதை நம்பி யாரோ ஒருவர் இப்போது ஸ்க்ரூவைத் தளர்த்திக்கொண்டிருக்கலாம். அந்தப் பாடத்தின் முதல் வரியில் இன்றே ஓர் எச்சரிக்கை சேர்த்துவிட்டேன். என் மேசையில் ஒரு 1541 மூடி கழற்றிக் கிடக்கிறது, புதிய பக்கத்துக்கான படங்களை இந்த வாரம் எடுத்துவிடுவேன்.